தகரத்தில் ஒரு சிக்குக் கோலம்

ரயில்வே பட்டறையில் 38 ஆண்டுகள் இரும்போடும் கிரீஸோடும் பழகியவனுக்குக் கலையைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டிப்ளமோ முடித்த கையோடு 1981இல் மாட்டுங்கா பட்டறையில் சார்ஜ்மேனாகச் சேர்ந்தேன். 1915இல் தொடங்கிய பழைய பட்டறை அது. துருப்பிடித்த கோச்சின் பக்கத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து அடைப்பதில் என் ஆயுள் பெரும்பாலும் கழிந்தது. 2019இல் ஓய்வு பெற்றேன். தகரம் என்றால் ஏதோ கொஞ்சம் தெரியும். கலை என்றால், காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் என் மனைவி போட்ட கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போகத் தெரியும். அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கோலத்தைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். காரணம் என் பேத்தி. இன்னொரு காரணம், நம்மில் பலர் பெயர் மட்டுமே கேள்விப்பட்டிருக்கும் ஒரு நாடு.

சீட்டில் வந்த நாடு

பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த நாட்டு மக்கள் தங்கள் மரபை ஓவியத்தாலும் சிற்பத்தாலும் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எழுதி வர வேண்டும். பிறகு அதே முறையைக் கையாண்டு, தங்கள் குடும்ப மரபிலிருந்து ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். இவளுக்கு வந்த சீட்டு ஹைட்டி.

"தாத்தா, இந்த நாட்டைப் பத்தி நியூஸ்ல பூகம்பம், சண்டை மட்டும்தான் வருது. இதுல என்னத்தக் கொண்டாடறது?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கும் தெரியாது. இருவருமாக உட்கார்ந்து படித்தோம். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கரீபியன் கடலில் ஒரு தீவின் மேற்குப் பகுதி ஹைட்டி. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடி, 1804 ஜனவரி 1ஆம் தேதி சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டார்கள். அந்த விடுதலைக்கு விலையாக 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. அந்தக் கடன் தலைமுறை தலைமுறையாக அவர்களை அழுத்தியது. வறுமை சும்மா வந்துவிடவில்லை.

1944இல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கலை மையம் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் ஓவியமே படிக்காத சாதாரண மக்கள் அங்கே வந்து வரைந்தார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் எக்தோர் இப்போலித். வீட்டுக்கு வர்ணம் பூசியும் விளம்பரப் பலகை எழுதியும் பிழைத்தவர். கோழி இறகாலும் வரைவாராம். 1950–51இல் தலைநகரின் ஹோலி டிரினிட்டி தேவாலயச் சுவர்களில் அந்த நாட்டு ஓவியர்களே சேர்ந்து விவிலியக் காட்சிகளைத் தீட்டினார்கள். அதில் வரும் மனிதர்களெல்லாம் ஹைட்டி மக்களின் நிறத்தில், அவர்கள் ஊர்க் காட்சிகளுக்கு நடுவில் இருந்தார்கள். 2010 ஜனவரி 12 பூகம்பத்தில் அந்தத் தேவாலயம் இடிந்தது. 14 சுவர் ஓவியங்களில் தப்பியவை மூன்று. அவற்றைப் பத்திரமாகப் பெயர்த்தெடுத்துப் பாதுகாத்தார்கள்.

இன்று அமெரிக்காவில் குடியேறிய ஹைட்டி மக்கள் மே மாதத்தைத் தங்கள் மரபு மாதமாகக் கொண்டாடுகிறார்கள். 1803 மே 18இல் அவர்களின் கொடி பிறந்தது. பிரெஞ்சுக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்துவிட்டு, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துத் தைத்ததாக வரலாறு சொல்கிறார்கள். வந்த இடத்தில் அந்த மாதம் ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறார்கள். நம்மைப் போல அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தாம்.

கொல்லர் செய்த சிலுவை

என்னைப் பிடித்து நிறுத்தியவர் ஜார்ஜ் லியோட்டோ (1899–1991) என்ற கொல்லர். ரயில்பாதையில் பழுதுபார்க்கும் வேலை செய்தவர் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம ஜாதி! பிறகு குரோவா-தே-பூக்கே என்ற ஊரில் உலைக்களம் வைத்து, கருவிகள் அடித்துக் கொடுத்தும் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை செய்தும் பிழைத்தார். 1953இல் அந்தச் சிலுவைகள் பீட்டர்ஸின் கண்ணில் பட்டன. அதன் பிறகு லியோட்டோ தகட்டில் உருவங்களை வெட்டத் தொடங்கினார். பிறகு அந்த ஊரில் பலர் அந்தத் தொழிலைக் கையில் எடுத்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள் கப்பலில் வந்திறங்கி, காலியானதும் தூக்கிப் போட்ட 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் இரண்டு முனையையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே காய்ந்த வாழை இலையும் வைக்கோலும் போட்டு எரித்தால் பெயின்டும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். பக்கவாட்டில் பிளந்து, அடித்துத் தட்டையாக்கினால் ஒரு தகடு. அதன்மேல் சாக்கட்டியால் வரைந்து, உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டுகிறார்கள். மரம், பறவை, கடல்கன்னி, அவர்கள் வழிபடும் தெய்வங்கள் எல்லாம் அந்தத் தகட்டிலிருந்து எழுந்து வருகின்றன.

(இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோலோ ரசாயனமோ இருந்த பீப்பாயை வீட்டில் யாரும் தொட வேண்டாம். காலி என்று நினைப்போம். உள்ளே ஆவி நிற்கும். கேஸ் கட்டர் வைத்தால் வெடிக்கும். பட்டறைக்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.)

நானும் போட்ட கையெழுத்து

பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நம் குடும்ப மரபிலிருந்து ஒன்று. பேத்தி நேரே சமையலறைக்குப் போய்க் கேட்டாள். "பாட்டி, நம்ம வீட்டு ஆர்ட் என்ன?"

என் மனைவி உடனே பதில் சொல்லவில்லை. குக்கரை இறக்கிவிட்டு, "கோலம் போட்டுட்டு இருந்தேன். இப்ப இல்ல" என்றாள்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். செம்பூரில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில் எங்கள் வீடு தரைத்தளம். வாசல் தெளித்து, தினமும் அரிசி மாவில் கோலம். மார்கழியில் கேட்கவே வேண்டாம். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து வாழைத்தண்டும் பூவும் வாங்கி வருகிற கூடையில் ஒரு பொட்டலம் கோலப்பொடியும் இருக்கும். கட்டடத்தை இடித்துக் கட்டினார்கள். 11ஆம் மாடிக்குப் போனோம். வாசல் போய், நான்கு வீட்டுக்கும் பொதுவான டைல்ஸ் நடைபாதை வந்தது. அங்கேயும் அவள் சின்னதாகக் கோலம் போட்டாள். எறும்பு வருகிறது, கூட்டுபவருக்குச் சிரமம், செருப்பில் ஒட்டி லிஃப்ட் வரை போகிறது என்று புகார். "நடைபாதையில் மாவோ பொடியோ போடக் கூடாது" என்று சொசைட்டி நோட்டீஸ் ஒட்டியது. யாரும் துவேஷத்தில் செய்ததில்லை. தமிழர் என்பதற்காகவும் செய்யவில்லை.

அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட கமிட்டிக்காரர்களில் நானும் ஒருவன்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டிக்கர் கோலம் ஒன்று வாங்கி வந்து ஒட்டினாள். நானும் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு பேத்தியின் கேள்விக்கு அவள் சொன்ன "இப்ப இல்ல" என்ற இரண்டு சொல் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாள் பரணிலிருந்து அவளுடைய கோல நோட்டு இறங்கியது. கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் புள்ளி, கம்பி, இழை. "ஹைட்டிக்காரங்க தகரத்துல வெட்டினா, நாம கோலத்தை வெட்டுவோம் பாட்டி" என்றாள் பேத்தி. 5 புள்ளி, 5 வரிசை, நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வெட்டும் பொறுப்பு எனக்கு.

இன்ஜினியர் தோற்ற இடம்

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். கோலத்தின் கோட்டைப் பிளேடால் வெட்டி எடுத்தேன். கடைசி வெட்டு முடிந்ததும் அட்டை பொலபொலவென்று துண்டு துண்டாக மேஜையில் கொட்டியது. சிக்குக் கோலத்தின் கம்பி எங்கேயும் முடிவதில்லை. சுற்றி வந்து தன்னோடு சேர்ந்துகொள்ளும். அப்படி மூடிய கோட்டை வெட்டி எடுத்தால் உள்ளே இருப்பதைத் தாங்க எதுவும் இல்லை. அங்கங்கே பாலம் விட்டு வெட்டலாம் என்றேன். "கம்பி விட்டுப் போன கோலத்தை வாசல்ல வைக்கக் கூடாது" என்று மனைவி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

பேத்திதான் ஹைட்டித் தகட்டின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தாத்தா, அவங்க மரத்தை வெட்டல. மரத்தைச் சுத்தி இருக்கிறதைத்தான் வெட்டி எடுத்திருக்காங்க."

எனக்குச் சுரீர் என்றது. கோட்டை வெட்டாமல் கோட்டை நிறுத்த வேண்டும்! கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போவதால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். ஒரு துண்டும் விழாது. எடுக்க வேண்டியது கம்பிக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தை. கொல்லர் லியோட்டோவின் ஊர்க்காரர்கள் கண்ட வழி, எங்கள் வீட்டுச் சிக்குக் கோலத்தின் சிக்கலை அவிழ்த்தது.

கோலத்தில் கணக்கு இருப்பதை நான் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஒரு பட மொழியாக எடுத்துக்கொண்டு 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நானோ அதற்குப் பிறகும் பல வருஷம் கோலத்தைத் தாண்டித் தாண்டி டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தாராவியில் ஒரு திருத்தம்

தகரம் வேண்டுமென்றால் மும்பையில் போக வேண்டிய இடம் தாராவி. 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக், டப்பா, பீப்பாய் என்று இந்த நகரம் தூக்கிப் போடுவதெல்லாம் வந்து, சுத்தமாகி, மறுபடி பிழைப்புக்குப் போகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மாட்டுங்கா பட்டறைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தாராவிக்குள், 38 வருஷ சர்வீஸில் நான் இருபது தடவை போயிருந்தால் அதிகம். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறியவர்கள் நம் மக்கள்தாம். ஆனால் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களான நாங்கள் சபா, கோவில், பள்ளிக்கூடம் என்று ஒரு வட்டத்துக்குள் இருந்துவிட்டோம். 2015 பிப்ரவரி, மார்ச்சில் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனம் தாராவி மக்களையே கலைஞர்களாக்கி, பழைய பொருள்களைக் கொண்டு மூன்று வாரக் கலைக் கண்காட்சி நடத்தியது. அதற்கும் நான் போகவில்லை.

பேத்தியோடு போய், 15 கிலோ சமையல் எண்ணெய் டின் நான்கு வாங்கினேன். பக்கத்திலேயே ஒரு தகரக் கடை. கடைக்காரர் பேச்சில் நம் ஊர் வாடை அடித்தது.

"நீங்க எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"நாங்குநேரிப் பக்கம் சார். தாத்தா காலத்துல வந்தது. நான் பொறந்தது இங்கனதான்."

அவர் டின்னைப் பிரித்துத் தட்டித் தட்டையாக்கிக் கொடுத்தார். பேத்தி சாக்கட்டியால் கோலத்தை வரைந்தாள். உள்ளேயிருந்து அவருடைய தாயார் எட்டிப் பார்த்தார். வயது எண்பதுக்குக் குறையாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்த மூலையில கம்பி தப்பு. இப்படிப் போனா திரும்பி வராது பாரு" என்று விரலாலேயே அழித்து, ஒரே இழுப்பில் சரி செய்தார். நோட்டை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இன்ஜினியர் சரிபார்த்த வரைபடத்தில் பிழை!

அந்த அம்மாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தாராவி மறுசீரமைப்பு வேலை 2023 முதல் தனியார் வசம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடியில் அடுக்குமாடி வீடு என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். தகுதி யாருக்கு, வீடு எங்கே என்பதுதான் அங்கே எல்லாருடைய கவலையும். அவர் கேட்டது வேறு. "மாடி வீட்டுக்குப் போனா வாசல் இருக்குமா ஐயா?"

கமிட்டியில் இருந்து கையெழுத்துப் போட்டவன் என்ன பதில் சொல்வேன்? "நாமதான் உண்டாக்கிக்கணும் ஆத்தா" என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

நிழல் கோலம்

வெட்டி முடிக்க எட்டு நாள் ஆயிற்று. தகரக் கத்திரி ஓரம் வரைதான் பயன்பட்டது. உள்ளே எல்லாம் சின்ன உளி; கீழே ஒரு மரக்கட்டை. விளிம்பையெல்லாம் அரத்தால் ராவி மழுக்கினேன். பேத்தி கையுறை போட்டுக்கொண்டு பாதி வெட்டினாள். புள்ளி இருந்த இடமெல்லாம் ஓட்டை. கம்பி மட்டும் நின்றது. பள்ளியில் அதைப் பாராட்டினார்களாம். அது போகட்டும்.

பள்ளியிலிருந்து திரும்பி வந்த தகட்டை எங்கள் மாடி நடைபாதையின் கிழக்கு ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன். இந்த முறை முறைப்படி சொசைட்டிக்கு மனுப் போட்டு அனுமதி வாங்கினேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு வெயில் ஜன்னலில் விழுந்தது. நடைபாதை டைல்ஸில், எங்கள் கதவுக்குச் சற்றுத் தள்ளி, சிக்குக் கோலம் நிழலாக விழுந்தது. எதிர் வீட்டு மராத்தி அம்மாள் பால் எடுக்க வந்தவர், மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். இருபது நிமிஷத்தில் நகர்ந்து, குறுகி, மறைந்தது.

நான் பெருமையாக மனைவியைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "அழகாத்தான் இருக்கு. ஆனா எறும்புக்கு என்னங்க?"

அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்கும் சேர்த்துத்தான் என்பது அவள் கணக்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில், செடித் தொட்டிக்குப் பக்கத்தில், தினமும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாக்கோலம் விழுகிறது. அது எங்கள் சொந்த இடம். எந்த நோட்டீஸும் அங்கே செல்லாது.

அடுத்த முறை தாராவிக்கு அவளும் வந்தாள், நோட்டோடு. இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்த அம்மாளிடம் நோட்டே கிடையாது, எல்லாம் கையில்தான். என் மனைவி பதினொரு கோலங்களை எழுதிக்கொண்டு வந்தாள். கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்களிடம் பொங்கல் பானை எங்கே நன்றாகக் கிடைக்கும் என்ற விவரத்தையும் அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் விழாக்களில் பாட்டுக்கு மேடை உண்டு, பரதத்துக்கு மேடை உண்டு, பட்டிமன்றத்துக்கும் உண்டு. கோலத்துக்கு ஒரு போட்டி, மூன்று பரிசு, ஒரு மணி நேரம். பிறகு நாற்காலி போடுவதற்காக அழித்துவிடுகிறோம். அது அழிய வேண்டிய கலைதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. போட்டவரோடு சேர்ந்து அந்தக் கோலமும் போய்விடுகிறதே, அதுதான் வருத்தம்.

2021 ஜனவரியில் அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றபோது, நம்மவர்களும் மற்றவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு சதுரத்தில் கோலம் வரைந்து ஒன்றாகச் சேர்த்தார்கள். பாதுகாப்புக் காரணங்களால் நேரில் வைக்க முடியாமல் படக்காட்சியாக வெளியிட்டார்கள். கடல் கடந்து இருப்பவர்களால் முடிந்தது, ஒரு ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் நம்மால் முடியாதா?

என் யோசனை இது. வருகிற பொங்கலுக்கு முன், மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று பாராமல், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் மூத்த பெண்மணியிடம் ஒரு கோலம் எழுதி வாங்குவோம். கீழே அவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பேரப் பிள்ளைகள் எழுதட்டும். கோலத்தோடு தமிழும் கொஞ்சம் கைக்கு வரும். தகரத்திலோ மரத்திலோ வெட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு உளி பிடிக்க நான் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலையில்லை. போட்டி வேண்டாம், பரிசும் வேண்டாம். முதல் கோலத்தைத் தாராவியில் இருக்கும் அந்த அம்மாளிடம் வாங்கி வர என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

நோட்டுக்குக் கட்டம் போட்ட தாள்தான் வாங்க வேண்டுமாம். அதையும் அவளே சொல்லிவிட்டாள்.